போதிகையில் எழுதிய காலக்கணக்கு

காவிரிப் படுகையில் கூத்தாநல்லூருக்கு ஒருபுறம் மன்னார்குடி இராசகோபாலசுவாமி கோயிலும் மறுபுறம் திருவாரூர்த் தியாகராசர் கோயிலும் சில கல் தொலைவில் இருக்க, இடைப்பட்ட வயல்வெளிகளில் ஊருக்கொன்றாகச் சிவாலயங்களும் பெருமாள் கோயில்களும் நிற்கின்றன. இவற்றின் வயது என்ன என்ற கேள்விக்குத் தலபுராணம் யுகக் கணக்கில் விடை சொல்லும். கல்வெட்டு இருந்தால் அது ஒரு மன்னனின் பெயரையும் ஆட்சியாண்டையும் சொல்லும். கல்வெட்டே இல்லாத கோயிலும், பலமுறை பூசிய சுண்ணாம்புக்கு உள்ளே எழுத்து மறைந்துபோன கோயிலும் தம் வயதை எப்படிச் சொல்லும் என்பதற்கு நூறாண்டுக்கு முன்பு வரை ஒழுங்கான விடை இல்லை. தூணின் தலைப்பகுதியையும் கூரை விளிம்பின் சிறு வளைவையும் கொண்டே ஒரு தமிழகக் கோயிலின் காலத்தை வகுக்கலாம் என்று காட்டி, அதற்கு ஒரு முறையையும் வகுத்துக் கொடுத்தவர், புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் கப்ரியேல் ழுவோ துப்ராய் (1885–1945).

அவருடைய பணியின் அருமையை உணர, அதற்கு முந்தைய நிலையை அறிந்துகொள்ள வேண்டும். இந்தியக் கட்டடக்கலை வரலாற்றை முதன்முதலில் விரிவாக எழுதிய ஜேம்ஸ் ஃபெர்குசன் 1876இல் வெளியிட்ட நூலில், தஞ்சைப் பெரிய கோயிலைப் பதினான்காம் நூற்றாண்டுக் கட்டடம் என்றே கருதினார். அதாவது, உண்மைக் காலத்திலிருந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டு பிந்தி வைத்தார். 1880களின் பிற்பகுதியில் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் அக்கோயிலின் கல்வெட்டுகளைப் படியெடுத்து, கட்டியவன் முதலாம் இராசராசனே என்று நிறுவிய பிறகுதான் அந்தப் பிழை நீங்கியது. மறுபக்கம், சிற்ப நூல்களை ஆராய்ந்து 1834இல் இலண்டனில் வெளிவந்த நூலொன்றை எழுதியவர் தஞ்சாவூரில் பிறந்த ராம் ராஸ். வடமொழிச் சிற்ப நூல்களின் கலைச்சொற்களை உலகுக்கு அறிமுகப்படுத்திய முதல் முயற்சி அது. ஆயினும், அந்நூல் இலக்கணத்தைச் சொன்னதேயன்றி, எந்த இலக்கணம் எந்த நூற்றாண்டுக்குரியது என்பதைச் சொல்லவில்லை. கல்வெட்டு ஒருபுறமும் சிற்ப நூல் மறுபுறமும் நிற்க, இரண்டையும் இணைத்துப் பார்க்கும் கண் தேவைப்பட்ட இடம் இதுவே.

புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அங்கிருந்த காலனியக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றிய ழுவோ துப்ராய், கல்லூரி வேலை போக எஞ்சிய பொழுதெல்லாம் கோயில்களைச் சுற்றிப் பார்த்து, அளந்து, படம் வரைந்து சேர்த்தவற்றை 1914இல் 'தென்னிந்தியத் தொல்லியல்' என்னும் பொருள்படும் பிரெஞ்சு நூலாகப் பாரிசில் வெளியிட்டார். முதல் தொகுதி கட்டடக்கலையையும் இரண்டாம் தொகுதி திருமேனிகளின் அமைப்பிலக்கணத்தையும் பற்றியவை. கட்டடக்கலைப் பகுதியின் ஆங்கில வடிவம் 1917இல் வரலாற்றறிஞர் சா. கிருஷ்ணசாமி ஐயங்காரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னையில் வெளிவந்தது. திருமேனிகள் பற்றிய பகுதி ஆங்கிலத்தில் வர 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்நூலின் உண்மையான புதுமை, அதன் ஆசிரியர் யாரிடம் பாடம் கேட்டார் என்பதில் இருக்கிறது. அக்காலத்து ஐரோப்பிய அறிஞர் பலரும் ஏட்டுச்சுவடிகளையும் பண்டிதர்களையும் நாடிச் சென்றபோது, இவர் கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் திருப்பணி செய்துகொண்டிருந்த சிற்பிகளிடம் சென்று, அவர்கள் கையில் உளி பிடித்து வேலை செய்யும்போதே ஒவ்வோர் உறுப்புக்கும் அவர்கள் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். போதிகை, பலகை, இதழ், கும்பம், நாகபந்தம், கூடு, பஞ்சரம் என்று தமிழகத் தச்சர்களும் சிற்பிகளும் தலைமுறை தலைமுறையாகப் பேசிவந்த சொற்களே அவருடைய நூலின் கலைச்சொற்களாயின. உயிருள்ள மரபு ஒன்று எதிரே இருக்க, அதைக் கண்டு கேட்டுத் தெளிவதே முறை என்று அவர் கொண்டது, இன்றைய ஆய்வாளர்களும் எண்ணிப் பார்க்க வேண்டிய நேர்மை. இன்று கட்டுகிற சிற்பி செய்யும் வடிவத்திலிருந்து தொடங்கி, காலம் தெரிந்த கோயில்களின் வழியே பின்னோக்கி நடந்து, ஒவ்வோர் உறுப்பும் எப்படி மாறிவந்தது என்பதை அவர் தொடர்ச்சியாகக் கண்டறிந்தார்.

அவற்றுள் முதன்மையானது போதிகை. தூணின் உச்சியில், மேலே செல்லும் உத்திரக்கல்லைத் தாங்குவதற்காக இருபுறமும் நீண்டு நிற்கும் தாங்குகல்லே போதிகை எனப்படுகிறது. பல்லவர் காலத்தில் இதன் அடிப்புறம் வளைவாகவும், அவ்வளைவின் மீது அலைகள் போன்ற உருளை வரிகள் கொண்டதாகவும் இருந்தது. இவ்வரிகளைச் சிற்பிகள் தரங்கம் என்பர். சோழர் காலத்தில் அலைகள் மறைந்து, போதிகையின் முனை சாய்வாக வெட்டப்பட்டு, நடுவில் மட்டும் ஒரு பட்டையான துண்டு முன்னே நீண்டு நிற்கும் எளிய, கம்பீரமான வடிவம் வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டை ஒட்டி அந்த நடுத்துண்டு மெல்லக் கீழ்நோக்கி வளையத் தொடங்கியது. விசயநகரக் காலத்தில் அது மொட்டாகத் தொங்கிற்று. நாயக்கர் காலத்திலும் அதற்குப் பின்னும் இதழ் விரிந்த பூவாக முழுமையாகத் திரண்டது. நெற்கதிரைக் கையில் வாங்கிப் பார்த்ததும் ரகத்தைச் சொல்லிவிடும் டெல்டா உழவரைப் போல, போதிகையை அண்ணாந்து பார்த்த அளவில் மண்டபத்தின் காலத்தைச் சொல்லும் திறனை இந்த வரிசை எவருக்கும் தருகிறது.

இதே வரிசையைக் கூடு என்னும் உறுப்பும் உறுதிசெய்கிறது. கூரை விளிம்பாகிய கபோதத்தில் குதிரைலாட வடிவில் அமைந்த சிறு வளைவுகளே கூடுகள். பழங்கால மரக் கட்டடங்களின் சாளர முகப்புகளே கல்லில் இவ்வாறு நிலைத்தன. பல்லவர் காலக் கூட்டின் உச்சி தட்டையான மண்வெட்டி இலை போன்ற முடிவைக் கொண்டிருக்க, சோழர் காலக் கூட்டின் உச்சியில் சிம்ம முகம் அமர்ந்துகொள்கிறது. தூணின் அடிச் சதுரத்தின் மூலைகளில் பாம்புப்படம் போல் எழும் நாகபந்தம் விசயநகரக் காலத்தில் தோன்றிப் பின்னர்ப் பெரிதாகிறது. இத்தகைய அடையாளங்கள் பலவும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதால், ஓர் உறுப்பில் ஏமாறினாலும் மற்றொன்று திருத்திவிடும் என்பதே அவருடைய முறையின் வலிமை. இவற்றைக் கொண்டு அவர் தமிழகக் கட்டடக்கலையை 600 முதல் 850 வரை பல்லவர் காலம், 850 முதல் 1100 வரை சோழர் காலம், 1100 முதல் 1350 வரை பிற்காலச் சோழர்–பாண்டியர் காலம், 1350 முதல் 1600 வரை விசயநகரக் காலம், 1600க்குப் பிந்தைய காலம் என ஐந்தாகப் பகுத்தார். இன்றைய பாடநூல்களிலும் பெருமளவு இதே பகுப்பே நிற்கிறது.

இம்முறையைச் சோதித்துப் பார்க்கத் தஞ்சைப் பெரிய கோயிலைவிடச் சிறந்த இடம் இல்லை. 1010ஆம் ஆண்டை ஒட்டி நிறைவெய்திய இராசராசனின் விமானமும், பல நூற்றாண்டு கழித்து நாயக்கர் காலத்தில் எழுந்த முருகன் சன்னதியும் ஒரே திருச்சுற்றுக்குள் நடந்து சென்று பார்க்கும் தொலைவில் உள்ளன. விமானத்துச் சுவரின் அரைத்தூண்களில் வெட்டுச் சாய்வான சோழப் போதிகையைப் பார்த்துவிட்டு முருகன் சன்னதிக்குச் செல்பவர், அங்கே மணியாரம் போல் நுணுக்கமாகச் செதுக்கிய தூண்களையும் பூவாகத் தொங்கும் போதிகைகளையும் காணும்போது, இரண்டும் ஒரு காலத்தவை அல்ல என்பதைக் கல்வெட்டின் துணையின்றியே உணர்ந்துகொள்வார்.

கோபுரங்களைப் பற்றியும் அவர் கூறிய விளக்கம் இப்பகுதிக் கோயில்களை நேரடியாகத் தொடுவது. தஞ்சையில் ஏறத்தாழ 60 மீட்டர் உயரும் விமானத்தின் முன் வாயிற்கோபுரங்கள் அடங்கி நிற்க, மன்னார்குடியிலும் திருவாரூரிலும் கருவறை விமானம் சிறிதாகவும் வெளிக்கோபுரம் வானளாவியும் இருப்பது ஏன்? பழம்பெரும் தலங்களில் மூலக் கருவறை புனிதமானது என்பதால் அதை இடித்துப் பெரிதாக்க மனம் வராத பிற்காலத்தவர், தம் பக்தியையும் செல்வத்தையும் வெளித் திருச்சுற்றுகளிலும் கோபுரங்களிலும் காட்டினர் என்பது அவர் தந்த விடை. திருச்சுற்று அகல அகல, வெளியே இருக்கும் கோபுரம் உயர்ந்துகொண்டே போனது. பார்வைக்கு எளிய இவ்விளக்கம், ஒரு கோயிலை உள்ளிருந்து வெளியே காலவரிசையில் படிக்கலாம் என்னும் பழக்கத்தை ஆய்வாளர்களுக்கு ஏற்படுத்தியது.

கல்வெட்டு இருக்கும்போது கட்டட உறுப்பை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். காவிரிக்கரையில் இதற்கு வலுவான காரணம் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவியார் செங்கல் தளிகளைக் கற்றளிகளாக மாற்றினார். திருவாரூர்ப் பெருங்கோயிலுக்குள் இருக்கும் அரநெறிக் கோயிலும் அவருடைய கற்றளியே. திருக்கோடிகாவலில் அவ்வாறு மாற்றியபோது, பழைய கோயிலில் இருந்த பல்லவர் காலம் முதலான கல்வெட்டுகளைப் புதிய சுவரில் அப்படியே படியெடுத்து வெட்டச் செய்தார். அறங்கள் அழியக் கூடாது என்ற அந்தப் பொறுப்புணர்வு போற்றுதற்குரியது. ஆனால், சுவரில் பல்லவ மன்னன் பெயர் இருப்பதால் அச்சுவரையும் பல்லவர் காலத்தது என்று கொண்டால் பிழையாகும். கட்டட உறுப்பே அங்கே உண்மையைச் சொல்லும் சாட்சி.

ழுவோ துப்ராயின் மனம் மிகுதியும் தோய்ந்தது பல்லவர்களிடம். 1916இலும் 1918இலும் 'பல்லவர் தொல்பொருள்கள்' என்ற பொருளில் இரு தொகுதிகளையும், 1917இல் அம்மரபின் வரலாற்றையும் வெளியிட்ட அவர், மண்டகப்பட்டு, தளவானூர், சீயமங்கலம், வல்லம், மகேந்திரவாடி, திருச்சிராப்பள்ளி என்று சிதறிக் கிடந்த குடைவரைகளை ஒன்றுசேர்த்து மகேந்திரவர்மனின் கலையாக அடையாளம் காட்டினார். 1931இல் காஞ்சி கைலாசநாதர் கோயில் திருச்சுற்றை ஒட்டி வரிசையாக அமைந்த 58 சிறு சன்னதிகளை அவர் உற்று நோக்கியபோது, சுண்ணாம்புப் பூச்சின் அடியில் வண்ணம் தென்பட்டது. ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முந்தைய பல்லவ ஓவியங்கள் அவ்வாறு வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று சோமாஸ்கந்தர் ஓவியம். சிவனும் உமையும் இடையே குழந்தை முருகனும் அமர்ந்த அக்கோலமே திருவாரூரில் தியாகராசராக எழுந்தருளியிருப்பது என்பதால், டெல்டா மக்களுக்கு அது அயலான காட்சி அன்று. அதே 1931இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் நாயக்கர் ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். தமிழ் ஓவிய மரபின் மறைந்திருந்த இரு பெரும் கட்டங்கள் ஒரே ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தன.

அவர் சொன்னதெல்லாம் நிலைத்துவிடவில்லை. புதுக்கோட்டைச் சித்தன்னவாசல் சமணக் குடைவரை ஓவியங்களை 1920இல் பல்லவ ஓவியம் என்று அறிமுகப்படுத்திய அவர், அவற்றை மகேந்திரவர்மனோடு இணைத்தார். அங்கே உள்ள கல்வெட்டு, பாண்டியன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்குடைவரையைப் புதுப்பித்ததைச் சொல்வதால், ஓவியங்கள் ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தன என்றே பிற்கால ஆய்வாளர் பெரும்பாலோர் கொண்டனர். கேரளத்துச் செம்புரைக்கல் குகைகளில் நடு நிற்கும் தூணைக் கண்டு 1922இல் அவற்றை வேதகாலத்தோடு தொடர்புபடுத்தியதும் ஏற்கப்படவில்லை. அவை பெருங்கற்கால ஈமக்குகைகள் என்பதே இன்றைய முடிவு. பல்லவர் மீதிருந்த ஆர்வம் சில இடங்களில் அவர் கண்ணை மறைத்தது என்பதே உண்மை. காவிரிக்கரையின் தொடக்கச் சோழர் கோயில்களுக்கு அவருடைய நூல் போதிய இடம் தரவில்லை. அந்தக் குறையை எஸ்.ஆர். பாலசுப்பிரமணியமும் டக்ளஸ் பாரெட்டும் பின்னர் தம் நூல்களால் நிரப்பினர்.

இவற்றைவிடக் கனமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1920களில் ழுவோ துப்ராய், பாரிசில் கலைப்பொருள் வணிகம் நடத்திய சி.டி. லூ என்பவருக்குத் தமிழகத்துச் சிற்பங்களைத் தேடி அனுப்புபவராகவும் இருந்தார். காஞ்சிப் பகுதியில் கிடைத்த, பத்தாம் நூற்றாண்டை ஒட்டிய யோகினியர் சிற்பத் தொகுதி அவர் வழியாகவே 1926இல் கடல் கடந்தது. ஒரே கோயிலில் ஒன்றாக வீற்றிருந்த அத்தேவியர் இன்று பாரிஸ், இலண்டன், வாஷிங்டன், டெட்ராய்ட், மினியாபொலிஸ், டொராண்டோ எனப் பல நகர அருங்காட்சியகங்களில் தனித்தனியே இருக்கின்றனர். கலை வரலாற்றறிஞர் பத்மா கைமல் 2012இல் வெளியிட்ட நூலில் இந்த வரலாற்றை விரிவாக எடுத்துரைத்துள்ளார். அக்காலத்தில் தொல்பொருள் ஏற்றுமதிக்கு இன்றைய அளவு கட்டுப்பாடு இல்லை என்பதும், கவனிப்பாரற்றுக் கிடந்த சிற்பங்கள் அழிவிலிருந்து காக்கப்பட்டன என்ற வாதமும் உண்டு. ஆனாலும், எந்தச் சிற்பம் எந்தக் கோயிலில், எந்தக் கோட்டத்தில், எந்தத் தூணருகே இருந்தது என்பதே அதன் காலத்தையும் பொருளையும் தருவது என்று நூலில் காட்டிய ஒருவர், அந்த இடத்திலிருந்து சிற்பத்தைப் பெயர்க்கத் துணைபோனதை நியாயம் என்று ஏற்க இயலாது. எந்த யோகினியின் அருகில் எந்த யோகினி இருந்தாள் என்பது இனி ஊகத்துக்கே உரியதாகிவிட்டது.

அவருடைய இறுதிக்காலத்தில் நிகழ்ந்த மற்றொரு கண்டுபிடிப்பு, தமிழகத் தொல்லியலின் போக்கையே மாற்றியது. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு என்னும் மேட்டில் சிறுவர்கள் பொறுக்கி வந்த மணிகளையும் கற்களையும் 1930களில் அவர் வாங்கிச் சேர்த்தார். 1937இல் கிடைத்த ஒரு சிறு மணிக்கல்லில், உட்குழிவாக ஒரு மனிதத் தலை செதுக்கப்பட்டிருந்தது. நாணயவியலும் அறிந்த அவர், அதை உரோமப் பேரரசர் அகஸ்டசின் உருவம் என்று இனங்கண்டார். அம்மேட்டை 1769ஐ ஒட்டிப் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு வானியலறிஞர் லெ ழான்தியும் குறித்திருந்தார். ஆனால், உரோமத் தொடர்புடைய இடம் அது என்பதை உணர்ந்து ஆட்சியாளருக்குத் தெரிவித்தவர் ழுவோ துப்ராய்தான். தொடர்ந்து நடந்த சிறு அகழாய்வுகளுக்குப் பின், 1945இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவர் மார்ட்டிமர் வீலர் அங்கே முறையாகத் தோண்டினார். இத்தாலியில் செய்யப்பட்டு, கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதிக்கென்று காலம் உறுதியான அரெட்டைன் மட்கலத் துண்டுகள், உட்புறத்தில் நுண்குழிகள் வட்டவட்டமாக ஓடும் ரௌலட்டட் மட்கலங்களோடு சேர்ந்து கிடைத்தன. அதுவரை எக்காலத்தவை என்று அறுதியிட முடியாதிருந்த தென்னிந்திய மட்கலங்களுக்கு இவ்வாறு ஒரு காலப்புள்ளி அமைந்தது. அந்தப் புள்ளியை வைத்தே மற்ற பழைய ஊர்களின் மண்ணடுக்குகளும் அளக்கப்பட்டன. பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்வு, அவ்வூரின் வாழ்வு வீலர் கருதியதைவிட நீண்டது என்று காட்டியது. கட்டடத்துக்குப் போதிகையைக் கண்ட கண்ணே மண்மேட்டுக்கு அந்த மணிக்கல்லைக் கண்டது. வீலர் அரிக்கமேட்டில் தோண்டிய அதே 1945இல் ழுவோ துப்ராய் மறைந்தார்.

அவர் தனியொருவராகச் செய்ததை அவருக்குப் பின் நிறுவனங்கள் தொடர்ந்தன. 1955இல் ழான் ஃபிலியோசா தலைமையில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தொடங்கப்பட்டது. பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியும் அங்கே நிலைகொண்டது. இவற்றைச் சார்ந்த பிரான்சுவாஸ் லெர்னோ முதலியோர் தாராசுரம் கோயிலைப் பற்றி 1987இல் விரிவான நூல் வெளியிட்டனர். பியேர் பிஷார் தஞ்சைப் பெரிய கோயிலைக் கல் கல்லாக அளந்து 1995இல் ஒரு நூலை அளித்தார். ஊர் ஊராகச் சென்ற நிழற்படக் கலைஞர்கள் கோயில்களையும் செப்புத் திருமேனிகளையும் படமெடுத்து, லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைக் கொண்ட தொகுப்பை அந்நிறுவனத்தில் சேர்த்தனர்.

பாணியைக் கொண்டு காலமும் இடமும் கணிக்கும் கலை, நூலகத்தை விட்டு நீதிமன்றத்துக்கும் சென்றது. திருவாரூர் மாவட்டத்துப் பத்தூர் விசுவநாதசுவாமி கோயிலின் மண்ணிலிருந்து 1976இல் வெளிப்பட்டு இலண்டன் சென்றடைந்த நடராசரை மீட்கத் தமிழக அரசு தொடுத்த வழக்கில், தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி, அதே இடத்தில் கிடைத்த பிற திருமேனிகளோடு ஒப்பிட்டுச் சாட்சியம் அளித்தார். 1988இல் தீர்ப்பு கோயிலுக்குச் சாதகமாக வந்து, மேல்முறையீட்டிலும் நிலைபெற, 1991இல் திருமேனி திரும்பியது. அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தானிலிருந்து திருடப்பட்டு ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தை அடைந்த நடராசரின் வழக்கில், அத்திருமேனி கோயிலில் இருந்ததை மெய்ப்பித்தது 1994இல் எடுக்கப்பட்டுப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத் தொகுப்பில் இருந்த நிழற்படம். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் அதை இந்தியாவிடம் நேரில் ஒப்படைத்தார்.